மீன் பேன்

ஈரத் துணியை முறுக்கி அடித்தால் தோல் கிழியாது. பனியன் துணி பட்டறைக்குக் குழாய் மாதிரி நீளமாக வரும். அதை உப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக் கயிறாக முறுக்கிவிட்டால், அது துணி என்பதே அதற்கு மறந்துபோகும். அடிபட்டவன் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளேதான் நொறுங்கிக் கிடக்கும். அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த லிங்கசாமியின் சாயப்பட்டறையில் அதுதான் வழக்கம். போலீசு, கேசு என்று எவரும் அந்த வாசலை மிதித்ததில்லை என்றால் அதற்கு அந்த ஈரத் துணிதான் காரணம்.

வளர்ப்பு மீன்கடை நூருல்லா இதைக் கேள்விப்பட்டிருந்தான், பார்த்ததில்லை. அன்று காலையில் பார்த்தான்.

தொட்டியில் மீன் சாகிறது, முதலாளி கூப்பிடுகிறார் என்று கடைக்கு ஆள் வந்திருந்தது. பையைத் தூக்கி லூனாவில் மாட்டிக்கொண்டு வந்தவன், பட்டறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டான். துணி வேகிற வின்ச் தொட்டிகளுக்கு நடுவே இருந்த இரும்புத் தூணில் ஒரு ஆளைக் கட்டியிருந்தார்கள். கலர் ரூமில் சாயம் எடை போட்டுக் கலக்குகிற ஆத்தப்பன். தூணைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் அவன் கன்னம் இரும்பில் அழுந்தியிருந்தது. வாயிலிருந்து வடிந்தது காலடியில் ஓடிய சாயத் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது.

அடித்துக்கொண்டிருந்தவன் நாச்சிமுத்து. லிங்கசாமியின் மனைவி கமலாம்பாளுக்குக் கூடப் பிறந்த தம்பி. கோபமாக அடித்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அவனோ துணி துவைக்கிறவன் மாதிரி, ஓங்குவதும் இறக்குவதும் ஒரே அளவாக, முகத்தில் ஒன்றுமில்லாமல் அடித்தான்.

லிங்கசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனுசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் வாடா போடா என்பவர், "வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்தால் பட்டறையில் ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஒரு எட்டுப் பின்னால் போவார்கள்.

"வாங்க பாய்," என்றார். "உங்களுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கறன்."

நடந்ததை அவரே சொன்னார். மெட்ராசுக்குப் போயிருந்தவர் அன்று விடியத்தான் திரும்பினார். ஆபீஸ் ரூமில் போய்ப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் முழுக்கப் பச்சை. பெரிய மீன் மல்லாந்து மிதக்கிறது. மற்றவை மூலையில் சாய்ந்து வாயை வாயைத் திறக்கின்றன. முந்தின நாள் பாய்லர் பக்கம் வேலை செய்த பெண்ணுக்குக் காலில் கொதிதண்ணீர் கொட்டியிருக்கிறது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பட்டறைக் காரைக் கேட்டு, கிடைக்காமல், சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது ஆத்தப்பன். போகும்போது எல்லார் காதிலும் விழ, மீனைக் கடையிலிருந்து கூட்டிவரக் கார் போகும், மனுசியைக் கொண்டுபோகப் போகாதா என்று கேட்டிருக்கிறான். கலர் ரூம் சாவி அவனிடம். தண்ணீரோ பச்சை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஆனாலும் பாருங்க, நான் அநியாயம் பண்றவனில்லீங்க," என்று லிங்கசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க மீன் தெரிஞ்சவரு. நோவுல செத்துதா, சாயத்துல செத்துதான்னு பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயம்னு சொன்னீங்கன்னா, அந்தா கொதிக்குதே வின்ச்சு, அதுக்குள்ள இவுரைக் கொஞ்சம் நனைச்சு எடுத்துட்டு ஊட்டுக்கு அனுப்பிச்சு வெச்சர்றனுங்க."

வின்ச்சில் கறுப்புச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவி கூரை வரைக்கும் எழும்பியது. சொன்னால் செய்கிற ஆள் அவர்.

நோவு என்று சொன்னால்? நோவு மீனை விற்றது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தத் தூணில் அப்போது யார் நிற்பார்கள் என்பது நூருல்லாவுக்கு அந்த நிமிசமே தெரிந்துவிட்டது.

அவன் ஆபீஸ் ரூமுக்குள் போனான். பாதிச் சுவருக்கு மேலே கண்ணாடி வைத்த அறை அது. அடிக்கிற சத்தம் அப்படியே உள்ளே வந்தது. பார்த்து முடிக்கிற வரைக்கும் நிறுத்த வேண்டாம் என்று லிங்கசாமி சொல்லியிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எக்ஸ்போர்ட் காசு ஊருக்குள் வந்து விழுந்த நேரம். ஆபீஸ் வைத்தவர்கள் எல்லாம் வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தார்கள். சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்து உட்கார்ந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டுமே. அப்படி நூருல்லா கட்டிக் கொடுத்த தொட்டிகள் திருப்பூரில் எத்தனையோ. மீன் மெட்ராசிலிருந்து ரயிலில் வரும், பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து. வந்த மீனை அவன் உடனே விற்பதில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சிமென்டுத் தொட்டி உண்டு. அதில் விட்டு, உடம்பைச் சொறிகிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொள்கிறதா என்று அவன் மனைவி ஜுபைதா தினமும் பார்ப்பாள். அவளுக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் மீன் கடைக்குள் வரும்.

போன வாரம் வந்த, தலையில் மட்டும் குல்லா போட்ட மாதிரி சிவந்திருக்கிற சிவப்புத் தொப்பி மீன்கள் இரண்டும் அந்தத் தொட்டிக்குள் போகவே இல்லை. இத்தாலிக்காரன் வருகிறான் என்று நாச்சிமுத்து காரோடு வந்து நின்றான். மீன் பையைத் தூக்கிப் பார்த்த ஜுபைதா, "ஏங்க, இது வயித்தை வயித்தைத் தேய்க்குதுங்க. இப்பக் குடுக்காதீங்க," என்றாள். காரின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ உள்ளே போ என்று அவளை அதட்டிவிட்டு, பையை நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தான் நூருல்லா.

இப்போது பச்சைத் தண்ணீருக்குள் கையை விட்டுச் செத்த மீனை எடுத்தான். போன வாரம் கொடுத்த சிவப்புத் தொப்பிகளில் ஒன்று. வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்தான். வெளியே துணி இறங்கியது. ஆத்தப்பன் கத்தவில்லை, மூச்சு மட்டும் தெறித்தது. நூருல்லாவின் விரலிலிருந்து செவுள் மூடி இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் தூக்கிப் பார்த்தான்.

மீன் வளர்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மருந்தோ விஷமோ தண்ணீரில் கலந்தால் முதலில் அடி வாங்குவது செவுள். வெந்த மாதிரி வெளுத்து, கோழை கட்டி, எல்லா மீனுக்கும் ஒட்டுக்கா ஒரே மாதிரி ஆகும். இதன் செவுள் வெளிறியிருந்ததே தவிர வேகவில்லை. சாயம் அதில் ஏறவும் இல்லை. ஆனால் வயிற்றிலும் துடுப்படியிலும் ஊசியால் குத்திய மாதிரி செம்புள்ளிகள். ஒரு புள்ளியின் மேல் செதில் ஒன்று கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கியின் முனையால் அதைத் தொட்டான். செதில் நகர்ந்தது.

செதில் நகராது. நகர்ந்தது பேன்.

மீன் பேன் என்று ஒன்று உண்டு. உளுந்துத் தொலி மாதிரி தட்டையாக, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடியாக இருக்கும். உடம்பில் உடம்பாக ஒட்டிக்கொண்டு, ஊசியை இறக்கி இரத்தம் குடிக்கும். ஒரு மீன் சலித்தால் தண்ணீரில் நீந்தி அடுத்த மீனுக்குப் போகும். தேடித் தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். செத்த மீனின் மேல் இன்னும் சில இருந்தன. உயிரோடிருந்த மீன்களில், முதலிலிருந்தே இருந்தவற்றின் மேல் குறைவு. போன வாரம் வந்த இன்னொரு சிவப்புத் தொப்பியின் மேல் கண் வைத்த இடமெல்லாம் பேன். எங்கிருந்து யாருக்குப் பரவியது என்று அதுவே சொன்னது.

நூருல்லா தட்டோடு வெளியே வந்தான். முதலாளியின் கவுண்டிங் கிளாசைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டான்.

துணியில் இழை எண்ணுவதற்கென்று மடக்கி விரிக்கிற பித்தளைக் கண்ணாடி அது. லிங்கசாமியின் சட்டைப் பையை விட்டு இறங்காது. மனுசர் வார்த்தையை நம்பாத அவர் அதற்குள் தெரிவதை மட்டும் நம்புவார். எத்தனையோ கம்பெனிக்காரர்களை அதைக் காட்டியே வாயடைத்திருக்கிறார். இப்போது தட்டின் மேல் அதை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தார். பேன் மல்லாந்து கிடந்து எல்லாக் கால்களையும் அடித்துக்கொண்டிருந்தது. கறுப்பாக இரண்டு கண்கள் தெரிந்தன.

"உசுரோட இருக்குதுங்களே," என்றார் மெதுவாக.

"பேனுங்க மொதலாளி. இதுதான் கொன்னுது. சாயம் இல்லீங்க. சாயத்துல செத்திருந்தா பேன் மொதல்ல செத்திருக்கும்."

லிங்கசாமி நிமிரவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தபடியே கையை மட்டும் தூக்கினார். நாச்சிமுத்து நிறுத்தினான். முறுக்குத் துணி அவன் கையிலிருந்து தொங்கிச் சொட்டியது.

"பேன் எங்கிருந்துங்க வந்துச்சு?"

நூருல்லாவுக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. தொட்டிக்கு லாரித் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். லாரிக்காரன் எந்தக் குளத்தில் பிடித்தானோ என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் லாரி ஓட்டுகிறவனைப் போய்க் கூட்டிவருவார்கள். அந்தத் தூணுக்கு ஆள் குறையாது. ஆத்தப்பனின் மணிக்கட்டில் கயிறு இறங்கியிருந்த இடத்தைப் பார்த்தான்.

"நான் குடுத்த மீன்ல இருந்துங்க," என்றான். "வெச்சுப் பாக்காமக் குடுத்துட்டன்."

"அப்படீங்களா." லிங்கசாமி கண்ணாடியை மடக்கிப் பைக்குள் போட்டார். "சரி. தண்ணி எப்படிங்க பச்சையாச்சு?"

அந்த நேரத்தில்தான் கமலாம்பாள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பட்டறைக்கு மேலேயே அவர்கள் வீடு. மீனுக்குத் தீனி போடுவதும் பார்த்துக்கொள்வதும் அவள்தான். கணவருக்கு இன்னொரு டம்ளர் டீ கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் பச்சை ஏறியிருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. துணிக்கு ஏறுகிற சாயம் நகத்தை விட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது.

நூருல்லா அந்த நகங்களைப் பார்த்தான். எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு நாளைக்கு முன் கமலாம்பாள் கடைக்குப் போன் செய்தாள். மீன் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கிறது என்றாள். கடையில் கூட்டம். வந்து பார்க்காமலே, வெள்ளைப் புள்ளி நோவாக இருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். ஒரு பச்சை மருந்து இருக்கிறது, சில சொட்டுப் போதும், அனுப்பி வைக்கிறேன் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அது என்ன தம்பி மருந்து என்று அவள் கேட்டதற்கு, சாயம்தானுங்க அக்கா, மீன் மருந்தில் பாதி உங்கள் பட்டறைச் சரக்குத்தான் என்று சிரித்தான். உண்மையில் அந்த மருந்தும் ஒரு சாயம்தான். ஆனால் அது வேறு, பனியனுக்கு ஏற்றுகிற பச்சை வேறு. மருந்தை அனுப்ப மறந்தான். அவள் காத்திருந்து பார்த்து, கணவர் வருவதற்குள் மீன் செத்துவிடுமோ என்ற பயத்தில், கீழே டிரம் டிரம்மாகச் சாயம் இருக்கிற வீட்டில் வேறு யாரும் செய்கிற காரியத்தைத்தான் செய்திருக்கிறாள். ஆத்தப்பன் ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் கலர் ரூம் திறந்து கிடந்திருக்கும்; ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

அவள் இடது நெற்றியில், தலைமுடி தொடங்குகிற இடத்தில், பழைய தழும்பு ஒன்று இருந்தது. எதனால் ஆனது என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. அவள் நூருல்லாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க ஊத்துனன்," என்றான் நூருல்லா. "மருந்து. பச்சை மருந்துங்க அது. வெள்ளைப் புள்ளின்னு நெனச்சு ஊத்திட்டன். நோவே வேற."

"எப்ப வந்தீங்க?"

"நேத்துப் பொழுதோட."

லிங்கசாமி மைத்துனன் பக்கம் திரும்பினார். "வந்தாருங்களா மாப்ளே?"

முந்தின நாள் பகல் முழுக்க, இருட்டுகிற வரைக்கும், கேட்டில் நின்றவன் நாச்சிமுத்து. நூருல்லா வரவில்லை என்று அவனை விட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை. அவன் நூருல்லாவைப் பார்த்தான். பிறகு அக்காவின் கையைப் பார்த்தான். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வந்தாருங்க மச்சான்," என்றான். "நாந்தான் உள்ள உட்டன். சொல்ல மறந்துட்டன்."

"மறந்துட்டீங்க." லிங்கசாமி எழுந்தார். "விடிஞ்சதுல இருந்து ஒருத்தரைப் போட்டு அடிக்கறீங்க. அப்பக்கூட ஞாபகம் வல்லீங்க." சொல்லிக்கொண்டே விட்ட அறையில் நாச்சிமுத்துவின் உதடு கிழிந்தது. அவன் துடைக்கவில்லை. முதலாளி ஆத்தப்பனின் கட்டைக் காட்டினார். ஒருவன் போய் அவிழ்த்தான். ஆத்தப்பன் தூணோடு சேர்ந்து சரிந்து, சாயத் தண்ணீரிலேயே உட்கார்ந்தான். தூண் காலியானது.

மனசு இளகியவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போனாலும் கதை புரியும், கண்ணுகளா. நூருல்லாவைக் கட்டவில்லை. நிற்கச் சொன்னார்கள், நின்றான். நாச்சிமுத்து முதல் அடியை முதுகில் இறக்கினான். முதலில் வலி தெரியவில்லை, காற்றுத்தான் போனது; உடம்பிலிருந்த காற்றையெல்லாம் யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. அடுத்த அடியில் முட்டி மடங்கியது. அதற்கடுத்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டான். நாச்சிமுத்துவின் முகம் இப்போது ஒன்றுமில்லாத முகமாக இல்லை. அவன் அழுதுகொண்டே அடித்தான். ஆனால் அடியின் அளவு குறையவில்லை. குறைந்தால் மச்சானுக்குத் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும், நூருல்லாவுக்கும் தெரியும்.

கடைசியில் லிங்கசாமி அருகில் வந்து தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டார்.

"எந்தக் கையிலீங்க ஊத்துனீங்க?"

எந்தக் கையாலும் ஊற்றவில்லை. இடது கை என்று சொல்லியிருந்தால் பிழைப்பாவது மிஞ்சியிருக்கும். ஆனால் மீனுக்கு எதையும் இடது கையால் கொடுத்துப் பழகாதவன் அவன். கேட்டதும் வலது கை தானாக நீண்டுவிட்டது. துணி பிழிகிற ஹைட்ரோ எந்திரத்தின் இரும்பு வாய் திறந்திருந்தது. லிங்கசாமி அந்தக் கையைப் பிடித்து, குழந்தையின் கையைப் பிடிப்பது போலத்தான் பிடித்து, விளிம்பில் வைத்தார். மூடியை இழுத்து அறைந்தார்.

நூருல்லா போட்ட சத்தத்தில் மேலே கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து போயின.

"சரிங்க," என்றார் லிங்கசாமி. "இருக்கற மீனைக் காப்பாத்துங்க."

இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்தன. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஆபீஸ் ரூமுக்குப் போனான். உப்பு வேண்டும் என்றான். பட்டறையில் உப்புக்கா பஞ்சம், சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவர்கள். ஆனால் அங்கே இரண்டு வகை உப்பு உண்டு. ஒன்று சோற்று உப்பு, இன்னொன்று கசக்கிற உப்பு. இரண்டிலும் ஒரு கல்லை எடுத்து, கடிபட்ட நாக்கில் வைத்துப் பார்த்தான். எரிந்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. கசக்காததைக் காட்டி, இதை வாளியில் கரையுங்கள் என்றான். இன்னொரு வாளித் தண்ணீரில் பையிலிருந்த பெர்மாங்கனேட்டை, தண்ணீர் ரோஜா நிறமாகிற அளவுக்கு மட்டும், இடது கையால் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டான்.

பேனைக் கையால் பிடுங்க ஒருவர் மீனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; வெறும் கை பட்டால் மீனுக்குச் சூடு; நனைந்த மெத்துத் துணி வேண்டும். துணி எங்கே என்று சுற்றிப் பார்த்தான். வாசலில் நின்ற நாச்சிமுத்து தன் கையிலிருந்ததைப் பார்த்தான். இரண்டு முனையையும் பிடித்து உதறி, முறுக்கை அவிழ்த்தான். அடித்து அடித்து இறுகியிருந்ததால் சீக்கிரத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். கடைசியில் அது மறுபடி பனியன் துணியானது. உப்புத் தண்ணீரில் அலசிப் பிழியாமல் மேசை மேல் விரித்துவிட்டு, மூலையில் போய் நின்றுகொண்டான்.

"நான் பிடிக்கறன்," என்று கமலாம்பாள் வந்தாள். லிங்கசாமி, டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு மீனாக அவள் துணியில் ஏந்தினாள். கண்ணை மூடுகிற மாதிரி ஓரத்தை மடித்துவிட்டால் மீன் துள்ளாது. நூருல்லா இடது கையில் இடுக்கியைப் பிடித்து, பேனின் பின்பக்கம் பற்றி, செதில் போகிற திசையிலேயே இழுத்தான். பழகாத கை; நாலு தரம் தவறி ஒரு தரம் பிடித்தது. பிடுங்கிய இடத்தில் பொட்டு இரத்தம் வந்தது. அதில் சிவப்பு மருந்தைப் பஞ்சால் தொட்டு வைத்தான். பேன் தட்டில் கிடந்து காலை அடித்தது, நகத்தால் நசுக்கினான். குடித்திருந்த இரத்தம் தெறித்தது. வெளியே ஆத்தப்பன் இருமுவது கேட்டது.

குனிந்திருந்தபோது கமலாம்பாள் உதடு அசையாமல் கேட்டாள். "தம்பி, நான் சொல்லிரட்டுங்களா?"

"அழுத்திப் பிடிக்காதீங்க அக்கா," என்றான் நூருல்லா. "செவுளு நசுங்கிரும்."

அவள் கை தளர்ந்தது. கண்ணிலிருந்து விழுந்தது துணியில்தான் விழுந்தது. அதுவும் உப்புத்தானே, மீனுக்குக் கெடுதல் இல்லை.

மீன்களை உப்பில் போட்டு எடுத்து, ரோஜாத் தண்ணீருக்கு மாற்றினான். ஒளிந்திருந்த பேன்கள் பிடி விட்டு அடியில் விழுந்தன. இரண்டாவது சிவப்புத் தொப்பி பிழைக்கவில்லை. துணியிலேயே வாயைத் திறந்துவிட்டது. மற்றவை நிமிர்ந்து நின்று செவுளை அசைக்க ஆரம்பித்தன.

லிங்கசாமி வந்து பார்த்தார். கவுண்டிங் கிளாசை விரித்து, தட்டிலிருந்தவற்றை மறுபடி ஒரு தரம் பார்த்தார். "முடிஞ்சுதுங்களா?"

முடிந்தது என்று சொல்லிவிட்டால் அந்த வாசலை மறுபடி மிதிக்க வேண்டியதில்லை. தொட்டியின் கண்ணாடியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வரிசையாகப் பசை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. நூருல்லா அதைப் பார்த்தான். துணியை மடித்துக்கொண்டிருந்த கமலாம்பாளையும் பார்த்தான். அடுத்த தரம் மீன் சொறிந்தால் வீட்டில் இருக்கப் போகிறவள் அவள்தான்.

"இல்லீங்க," என்றான். "முட்டை கண்ணாடில ஒட்டியிருக்குதுங்க. சுரண்டிட்டுப் போறன். தப்புனது பொரிக்கும். மறுபடியும் வரணுங்க."

"வாங்க," என்றார் லிங்கசாமி. "வராம எங்கீங்க போயிருவீங்க."

வெளியே வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒரு கையால் லூனாவை ஓட்ட முடியாது. பட்டறைச் சுவரோரம் விட்டுவிட்டு நடந்தான். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆத்தப்பன் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டை போட்டிருந்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. நூருல்லா அருகில் வந்ததும் மரத்தைப் பிடித்து எழுந்தான். எழுந்து, கையில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, மூடின முட்டியால் அவன் வாயிலேயே குத்தினான்.

"நேத்தே ஊத்திப்போட்டுக் கடைல போயி ஒக்காந்துட்ட," என்றான். மூச்சு வாங்கியது. "இங்க எனக்கு எலும்பை எண்ணிட்டு இருக்கறாங்க. நீ ஆற அமர வர்ற. பேனுங்க மொதலாளிங்கற."

நூருல்லாவின் வாயெல்லாம் இரத்தம். சொல்லிவிடலாம். ஊற்றியது நானில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆத்தப்பன் நல்லவன்தான். ஆனால் நல்லவனுக்கும் கோபம் வரும், டீக்கடை இருக்கிறது, பட்டறையில் நாலு பேர் இருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் அது மாடிப்படி ஏறிவிடும். அவன் இரத்தத்தைத் துப்பினான்.

"தப்புத்தான் ஆத்தப்பண்ணா," என்றான்.

ஆத்தப்பன் இன்னொரு தரம் கையை ஓங்கினான். ஓங்கின வேகத்தில் அவனுக்கே கால் தாங்கவில்லை. அப்படியே முன்னால் சரிந்தான். நூருல்லா நல்ல கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிடித்த இடம் ஒடிந்திருந்த இடம் போலிருக்கிறது. ஆத்தப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தையில் திட்டினான். ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிட்டால் விழ வேண்டியதுதான். ஒருவரை ஒருவர் முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல், ரோடு வரைக்கும் நடந்தார்கள்.

டவுன் பஸ் வந்தது. ஷிப்ட் மாறுகிற கூட்டம் உள்ளே நெரிந்தது. ஒருவன் வாயில் இரத்தம், இன்னொருவன் நிற்க முடியாமல் தொங்குகிறான்; பட்டப்பகலிலேயே ஊத்திக்கிட்டீங்களா என்று கேட்டான் கண்டக்டர். எங்கே போக வேண்டும் என்று கேட்டான். நூருல்லாவுக்கு வாய் வீங்கிப் பேச வரவில்லை.

"பெரியாஸ்பத்திரி," என்றான் ஆத்தப்பன். கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழிக்கப் போனான். "இவனுக்குஞ் சேத்துக் கிழிங்க. செத்துகித்துப் போயிட்டான்னா, பொறகு நான் ஆரைப் போயி அடிக்கறது?"